பத்துக்குப் பத்து அறையும் பக்கத்துப் பூங்காவும்

மும்பையில் வேலை கிடைத்துவிடும், இடம் கிடைக்காது. ஊரிலிருந்து ரயில் ஏறி வந்த ஒவ்வொரு தமிழரும் முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்ட பாடம் இது.

தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், தாணே என்று எங்கே பார்த்தாலும் பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் குடியிருக்கும் குடும்பங்கள் ஏராளம். அடுப்பும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான், பிள்ளைகளின் பாடமும் அங்கேதான். ஊரிலிருந்து மாமனாரோ மைத்துனரோ வந்துவிட்டால், வீட்டுக்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட வேண்டியதுதான்!

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறை 100 சதுர அடி. ஐந்து பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 20 சதுர அடி. ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள ஒரு பாயை விரித்தால் 18 சதுர அடி போய்விடுகிறது. மிச்சம் இரண்டே சதுர அடி. அதில்தான் அடுப்பு, பெட்டி, தண்ணீர்க் குடம் எல்லாம்.

இப்படிப்பட்ட குடும்பத்துக்குப் பூங்கா என்பது வெறும் பொழுதுபோக்கு இடம் அல்ல. வீட்டில் கட்ட முடியாமல் போன இன்னோர் அறை அது. குழந்தை ஓடிப் பழகுவது அங்கே. கணவனும் மனைவியும் நாலு வார்த்தை தனியாகப் பேசுவது அங்கே. ஊர்க்காரர்கள் கூடிக் கோவில் கொடைக்கு வரி பிரிப்பது அங்கே. பெண் வீட்டார் மாப்பிள்ளைப் பையனை முதல்முதலாகப் பார்ப்பதும் பல நேரம் அங்கேதான்.

அன்று புல்தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஊருக்கு இன்லண்ட் கடிதம் எழுதினார்கள். இன்று அதே புல்தரையில் உட்கார்ந்து கைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். "நீ இருக்கிற இடத்தைக் காட்டு, பார்க்கலாம்" என்று ஊரில் அம்மா கேட்டால், அறையைக் காட்டாமல் பூச்செடியைக் காட்டுகிற பிள்ளைகளும் உண்டு!

ஒரு பாய் அளவுகூட இல்லை

மும்பை மாநகராட்சி 2034-ம் ஆண்டு வரைக்குமான வளர்ச்சித் திட்டத்துக்காகக் கணக்கெடுத்தது. அப்போது பூங்கா, மைதானம் முதலிய திறந்தவெளி ஆளுக்குச் சுமார் ஒன்றேகால் சதுர மீட்டர்தான் தேறியது. அதாவது சுமார் 13 சதுர அடி. வீட்டிலாவது ஒரு பாய் விரிக்க இடம் உண்டு. பூங்காவில் ஆளுக்கு அதுவும் இல்லை!

மத்திய அரசு 2014-ல் வெளியிட்ட நகரத் திட்ட வழிகாட்டி, ஒரு நகரவாசிக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கிறது. மும்பைக்காரருக்குக் கிடைப்பது அதில் எட்டில் ஒரு பங்குதான்.

இந்தக் கொஞ்சமும் தானாக வந்ததல்ல. எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால், எப்படிப் போய்விடக்கூடும் என்பதும் தெரியும்.

கொள்ளைநோய்க்குப் பின் வந்த தோட்டங்கள்

1896-ல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்புகளில் மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். லட்சக்கணக்கானோர் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள். அதன் பிறகுதான் அன்றைய ஆட்சியாளர்களுக்குக் கண் திறந்தது. 1898-ல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் அமைக்கப்பட்டது. தாதர், மாதுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் அகலமான சாலைகளும், இடைவெளி விட்ட வீடுகளும், நடுநடுவே தோட்டங்களும் திட்டமிடப்பட்டன.

மாதுங்காவின் 'ஃபைவ் கார்டன்ஸ்' என்னும் ஐந்து தோட்டங்கள் அப்படி வந்தவைதாம். அவற்றோடு சேர்த்துச் சொல்லப்படுகிற பெயர் மஞ்சர்ஜி ஜோஷி. அவர் டிரஸ்டில் வேலை பார்த்த பார்சி என்ஜினீயர். நடுத்தரப் பார்சிக் குடும்பங்களுக்காக 103 மனைகளை ஒதுக்கச் செய்து, தாதர் பார்சி காலனியை உருவாக்கியவர் அவரே. இன்று அந்தத் தோட்டங்கள் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

டிரஸ்ட் போட்ட மனைகளில் வீடுகள் எழும்பிய காலத்தில்தான் தென்னிந்தியக் குமாஸ்தாக்கள் மாதுங்காவில் வந்து குடியேறினார்கள். கோட்டைப் பகுதி ஆபீசுகளில் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் பார்த்தவர்கள் மாலையில் ரயிலிறங்கி, காபி குடித்துவிட்டுக் காலாற நடந்தது இந்தத் தோட்டங்களைச் சுற்றித்தான். 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கப்பட்டு, பிள்ளைகளுக்குப் பள்ளியும் கிடைத்தது. கோவில், பள்ளிக்கூடம், பூங்கா மூன்றும் நடக்கும் தூரத்தில் இருந்ததால்தான் மாதுங்கா ஒரு ஊராக ஆயிற்று.

அயலூர் மரங்கள்

மாதுங்கா, செம்பூர் சாலைகளில் குடைபிடித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தைப் பார்க்காதவர் இல்லை. மாலையானால் இலைகளை மடக்கித் தூங்கிவிடும் மரம். அது இந்த நாட்டு மரமே அல்ல. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து வந்தது. கோடையில் நெருப்பாகப் பூக்கும் குல்மோஹர் மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. வேறு மண்ணில் பிறந்து, இங்கே வேர் பிடித்து, இந்த ஊர்க்காரருக்கு நிழல் தருகின்றன. நம்மவர் கதையும் ஏறக்குறைய அதுதானே!

செம்பூரில் இந்த நிழலின் அருமை இன்னும் கூடுதலாகத் தெரியும். ஒரு பக்கம் மாகுலில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், இன்னொரு பக்கம் உரத் தொழிற்சாலை. அந்தக் காற்றைச் சுவாசிக்கிறவர்களுக்கு டயமண்ட் கார்டன் போன்ற தோட்டங்கள் மூச்சு வாங்கிக்கொள்ளும் இடங்கள்.

மேம்பாலத்துக்கு அடியில் நர்மதை

மேம்பாலத்தின் அடியில் என்ன இருக்கும்? பழைய வண்டிகள், குப்பை, இருட்டு. மாதுங்காவில் அம்பேத்கர் சாலை மேம்பாலத்தின் அடியும் அப்படி ஆகிவிடும் நிலையில்தான் இருந்தது. அக்கம்பக்கத்தில் குடியிருப்போர் விடவில்லை. ஆக்கிரமிப்பு நுழையாமல் காவல் காத்தார்கள். மாநகராட்சிக்கு விடாமல் மனு எழுதினார்கள். 2016-ல் அந்த இடத்தில் நானாலால் மேத்தா பூங்கா திறக்கப்பட்டது.

சுமார் 600 மீட்டர் நீளமுள்ள நடைபாதை, நர்மதை ஆறு வளைந்து வளைந்து ஓடுவதுபோல் அமைக்கப்பட்டிருக்கிறது. தலைக்கு மேலே லாரிகள் ஓடுகின்றன. கீழே தாத்தாக்கள் நடை பழகுகிறார்கள். கிங்ஸ் சர்க்கிளில் இட்லி சாப்பிட வரும் தமிழர்கள் இதையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் போகலாம். பூங்காவுக்கு இடமே இல்லை என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

ராணி பாக் யானை

மும்பைக்கு வந்த தமிழ்க் குழந்தை முதலில் பார்க்க ஆசைப்படுவது பைகுல்லாவில் உள்ள ராணி பாக் தோட்டத்தைத்தான். 1862-ல் விக்டோரியா தோட்டம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. இப்போது அதன் பெயர் வீரமாதா ஜீஜாபாய் போஸ்லே உத்யான். ஆனாலும் ராணி பாக் என்று சொன்னால்தான் டாக்சிக்காரருக்குப் புரிகிறது.

முதலில் இது தாவரத் தோட்டம் மட்டுமே. விலங்குக் காட்சிசாலை 1890-ல்தான் சேர்ந்தது. இங்கே மூவாயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள் உள்ளன. நம்மூர்ப் பக்கம் ஆனைப்புளி என்று சொல்கிற, பருத்த அடிமரமுள்ள ஆப்பிரிக்க மரமும் அவற்றில் ஒன்று. 2017 முதல் பென்குவின் பறவைகளைக் காணக் கூட்டம் கூடுகிறது. கூட்டத்தில் பாதிப் பேர் மரங்களை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை.

தோட்டத்தை ஒட்டிய பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்தின் பக்கம் ஒரு பெரிய கல் யானை நிற்கிறது. எலிபெண்டா தீவுக்கு அந்தப் பெயர் வரக் காரணமான யானை இதுதான். 1864-ல் இதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் தூக்கினார்கள். பாரம் தாங்காமல் தூக்கும் எந்திரம் முறிந்தது. யானை துண்டு துண்டாயிற்று. உடைந்த துண்டுகள் பைகுல்லாவுக்கு வந்தன. 1914-ல் அவற்றை ஒன்றுசேர்த்து நிறுத்தினார்கள். சீமைக்குப் போக மறுத்துவிட்ட யானை என்று சொன்னால் பிள்ளைகள் கண்ணைக் கொட்டாமல் கேட்கும்!

ஐந்து ரூபாயாக இருந்த நுழைவுக் கட்டணம் 2017-ல் பெரியவர்களுக்கு 50 ரூபாயாக உயர்ந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் கொண்ட குடும்பத்துக்கு 100 ரூபாய் என்று சலுகையும் வைத்தார்கள். ஆனால் நாள்கூலிக்காரருக்கு நூறு ரூபாய் என்பது யோசித்துச் செலவழிக்க வேண்டிய பணம். பாட்டியையும் அத்தையையும் சேர்த்து அழைத்துப்போகிற தமிழ்க் குடும்பத்துக்கு அந்த நூறிலும் அடங்காது.

சில ஆண்டுகளுக்கு முன் இந்தத் தோட்டத்துக்கே ஆபத்து வந்தது. 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இதை உலகத் தரத்து விலங்குக் காட்சிசாலையாக மாற்றப் பெரிய திட்டம் ஒன்று தீட்டப்பட்டது. பழைய மரங்கள் என்னாகும் என்று கேட்டவர்கள், தினமும் அங்கே நடக்க வந்துகொண்டிருந்த சில பெண்கள்! மனு எழுதினார்கள்; மரம் மரமாகப் பெயர் எழுதிப் பட்டியல் போட்டார்கள்; படி ஏறி இறங்கினார்கள். அந்தத் திட்டம் அந்த வடிவில் நிறைவேறவில்லை.

தொட்டியின் மேல் தோட்டம்

மலபார் மலையிலுள்ள தொங்கும் தோட்டம் எதிலும் தொங்கவில்லை. 1880-களில் நகரத்தின் குடிநீர்த் தொட்டியின் மேல் மண் பரப்பி அமைத்த தோட்டம் அது. கீழே தண்ணீர், மேலே மெல்லிய மண். அதனால் தொட்டியின் மேல் பெரிய மரம் வளர்க்க முடியாது. செடிகளையே யானை போலவும் ஒட்டகம் போலவும் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

எதிரே கமலா நேரு பூங்கா. அங்கேயுள்ள பூட்ஸ் வடிவ வீட்டுக்குள் ஏறி எட்டிப் பார்க்காத மும்பைக் குழந்தை கிடையாது. அங்கிருந்து பார்த்தால் மெரின் டிரைவ் வளைவு முழுதும் தெரியும். கோடீசுவரர்கள் வாழும் மலையில், கூலிக்காரரும் அதே காட்சியை அதே உயரத்தில் நின்று பார்க்கக்கூடிய இடம் இது.

தாணேக்காரரின் யோகம்

பூங்கா விஷயத்தில் தாணேக்காரருக்கு யோகம் உண்டு. தாணேயை ஏரிகளின் நகரம் என்பார்கள். ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் மாசுண்டா ஏரி. தலாவ் பாளி என்பது ஊர் வழக்கு. கரையில் கோபினேஷ்வர் கோவில். சிவதரிசனம் முடித்து, ஏரிக்கரையில் வேர்க்கடலை கொறித்தபடி உட்கார்ந்தால் நம்மூர்த் தெப்பக்குளத்துப் படிக்கட்டு ஞாபகம் வரும். மாலை நேரம் அங்கே காதில் விழும் தமிழும் குறைவில்லை.

ஊருக்கு மேற்கே யேவூர் மலை. அடிவாரத்தில் உப்வன் ஏரி. இந்த மலை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் தாணேப் பக்கம். நூறு சதுர கிலோமீட்டரைத் தாண்டும் இந்தக் காட்டின் பாதிக்கு மேல் தாணே மாவட்டத்தில்தான் இருக்கிறது. மும்பைக்கு இது போரிவலியில் வாசல் வைத்த காடு. தாணேக்கு வீட்டுக் கொல்லைப்புறம். சிறுத்தைகள் வாழும் இடம் என்பதால் பொழுது சாய்ந்த பின் அந்தப் பக்கம் திரிவது கூடாது.

மும்பைக்குக் குடிநீர் தரும் விஹார், துளசி ஏரிகள் இந்தக் காட்டுக்குள் உள்ளன. விஹார் 1860-ல் கட்டி முடிக்கப்பட்டது. குழாயைத் திறந்து குடம் பிடிக்கிறவர்களில் பலர் அறியாத விஷயம் இது. போரிவலி வாசல் வழியாகப் போனால் கன்ஹேரி குகைகளைப் பார்க்கலாம். கருங்கல் மலையில் பௌத்தத் துறவிகள் குடைந்த குகைகள் நூற்றுக்கும் அதிகம். மழைநீரைச் சேர்க்கக் கல்லிலே தொட்டி வெட்டி வைத்திருக்கிறார்கள்.

தாணே உப்பங்கழிக்குக் குளிர்காலம் முதல் கோடை வரை ஆயிரக்கணக்கில் பூநாரைகள் வருகின்றன. 2015-ல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம் பெற்றது. ஐரோலிப் பாலத்தைக் கடக்கும்போது தூரத்தில் இளஞ்சிவப்பாகத் தெரிவது அதுதான்.

குப்பைமேட்டில் ஒரு காடு

எல்லாவற்றிலும் வியப்பானது தாராவித் தமிழரின் வாசலிலேயே இருக்கிறது. தாராவி பஸ் டிப்போவுக்கு எதிரே மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா. 37 ஏக்கர். ஒரு காலத்தில் நகரத்தின் குப்பையைக் கொண்டுவந்து கொட்டிய மேடு அது. நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்த இடம்.

அந்தக் குப்பைமேட்டைக் காடாக்கலாம் என்ற யோசனை 1970-களில் பிறந்தது. குப்பையின் மேல் மண் கொட்டினார்கள். 1983-ல் பறவை விஞ்ஞானி சாலிம் அலி அங்கே மரக்கன்று நட்டார். கன்றுகள் வளர்ந்து, 1994-ல் பூங்கா மக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று உள்ளே நுழைந்தால் நகரச் சத்தம் குறைந்துவிடும். நூற்றுக்கு மேற்பட்ட பறவை இனங்கள் அங்கே கண்டறியப்பட்டிருக்கின்றன. மழைநீரைச் சேர்க்கும் குளம் இருக்கிறது. ஒரு பக்கம் மித்தி ஆறு. அக்கரையில் பாந்த்ரா-குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்கள்.

தோல் பதனிடவும் இட்லி விற்கவும் வந்து, சதுப்பு நிலத்தை மிதித்து மேடாக்கி வீடு கட்டிய திருநெல்வேலிக்காரர்களுக்கு இந்தப் பூங்காவின் கதை புதிதல்ல. யாருக்கும் வேண்டாத நிலத்தை வாழும் நிலமாக்குவது அவர்களும் செய்த வேலைதான்.

வேண்டாத நிலம் விலையேறிய நிலமாகிவிட்டால் என்ன நடக்கும்? அதுவும் நடந்தது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்குள் இந்தப் பூங்காவும் போய்விடுமோ என்ற அச்சம் எழுந்தது. 1991-லேயே பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்ட இடம் இது என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் எடுத்துக்காட்டினார்கள். வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. பூங்கா திட்டத்தில் சேராது என்று 2023-ல் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. கேட்க ஆள் இருந்ததால் பதில் கிடைத்தது.

வராமல் போன பூங்காக்கள்

கேட்க ஆள் போதாத இடத்தில் என்ன ஆயிற்று என்பதற்கும் உதாரணம் உண்டு. அது மில் நிலங்களின் கதை.

1982-ல் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மும்பையின் பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நகரின் நடுவே சுமார் 600 ஏக்கர் நிலம். 1991-ல் வகுத்த விதிப்படி, அந்த நிலத்தை விற்றால் மூன்றில் ஒரு பங்கு பூங்கா முதலிய பொது இடத்துக்கு, மூன்றில் ஒரு பங்கு குறைந்த விலை வீடுகளுக்கு, மீதிதான் மில்காரருக்கு. 2001-ல் விதி திருத்தப்பட்டது. மொத்த நிலத்தில் பங்கு என்பது மாறி, கட்டடம் இல்லாத காலி நிலத்தில் மட்டும் பங்கு என்றாயிற்று. பொதுமக்களுக்கு வரவேண்டியது மிகவும் சுருங்கிப்போனது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2006-ல் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று.

தறி ஓட்டிய தொழிலாளியின் பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடியிருக்க வேண்டிய தோட்டங்கள் அவை. இன்று அந்த இடங்களில் பெரிய வணிக வளாகங்களும் வானளாவிய கட்டடங்களும் நிற்கின்றன.

போய்வருவதே உரிமை

பூங்காவைக் காப்பது பெரிய மனிதர்களின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். ராணி பாக்கிலும் மாதுங்கா மேம்பாலத்தின் அடியிலும் முன்னின்றவர்கள் தினமும் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டும் பயன்படுத்திக்கொண்டும் இருந்தவர்கள். வேலி உடைந்தால் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். மரம் வெட்டினால் அவர்களுக்குத்தான் முதலில் கேட்கும். ஆள் நடமாட்டம் இல்லாத தோட்டத்தில் நாளைக்கு ஒரு பலகை முளைத்தால், ஏன் என்று கேட்க எவரும் இருக்கமாட்டார்.

தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது பிள்ளைகளை தாராவி இயற்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போகலாம். நுழைவுக் கட்டணத்தைக் குறைக்கக் கேட்டு வார்டு அலுவலகத்துக்கு மனுக் கொடுக்கலாம். விளக்கு எரியாத, கழிப்பறை பூட்டிக் கிடக்கும் தோட்டங்களைப் பற்றி எழுதிப் போடலாம். பெண்கள் தனியாக வந்து உட்காரத் தயங்குவதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டும்தான் காரணம்.

போகிறவர்கள் சிலவற்றைக் கவனித்துக்கொள்வது நல்லது. ராணி பாக்குக்குப் புதன்கிழமை விடுமுறை. போரிவலி தேசியப் பூங்காவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. தாணேயிலிருந்து பைகுல்லாவுக்கு மத்திய ரயில்வேயில் நேராகப் போய்விடலாம். செம்பூர்க்காரர்கள் குர்லாவில் வண்டி மாற வேண்டும். கொண்டுபோன இலையையும் பையையும் அங்கேயே போட்டுவிட்டு வராதிருப்பது எல்லாவற்றிலும் முக்கியம். குப்பைமேட்டைக் காடாக்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. காட்டைக் குப்பைமேடாக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

எந்த வழித்தடத்தில் மெகா பிளாக் என்று சனிக்கிழமையே பார்த்து வைத்துக்கொண்டு, புளியோதரைப் பொட்டலத்தோடு வீட்டில் உள்ளவர்களை அழைத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் பாக்கி!